ஸ்கேனில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷினில் வேலை பார்ப்பவருக்கு விரல் நசுங்கினால் எக்ஸ்ரே பேசும், லீவும் கிடைக்கும். அவருக்கே ஒற்றைத் தலைவலி வந்து பாதி மண்டை விண்விண்ணென்று தெறிக்கலாம். டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தலாம், குமட்டலாம். ஆனாலும் ஷிஃப்ட்டைப் பாதியில் விட்டுக் கிளம்பினால், "தலைவலிக்கெல்லாமா லீவு?" என்றுதான் கேட்பார்கள். வீட்டில் பெண்கள் படும் பாடு இன்னும் மோசம். வேலைக்குச் சோம்பல் என்று சொல்லிவிடுவார்கள். இது அபூர்வமான நோயும் இல்லை. பெங்களூரு நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 2,329 பேரை வீடு வீடாகச் சென்று விசாரித்த ஆய்வில், ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி கண்டவர்கள் 25.2 சதவீதம். நான்கில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று எண்ணுவது அறிவுக்குப் பொருந்துமா?

இந்தச் சந்தேகத்துக்கு மூளையே பதில் வைத்திருக்கிறது. முகத்திலும் தலையிலும் எழும் தொடுவுணர்வையும் வலியையும் வாங்கிக்கொள்ள மூளைப் புறணியில் தனி இடம் உண்டு. 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 24 பேரையும் அந்த நோய் இல்லாத 12 பேரையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, நோயாளிகளிடம் அந்த இடம் தடித்திருந்தது. 2004-இல் நெதர்லாந்தில் 295 நோயாளிகளை மற்ற 140 பேருடன் ஒப்பிட்டார்கள். பெண் நோயாளிகளின் மூளையில், நரம்பிழைகள் ஓடும் வெண்பொருள் பகுதியில், சிறுசிறு வெள்ளைப் புள்ளிகள் கூடுதலாக இருந்தன. நடிப்பவரால் முகத்தைச் சுளிக்க முடியும்; மூளைப் புறணியைத் தடிக்க வைக்க முடியாது.

ஆனால் இதே சான்று இன்னொரு பயத்தைக் கிளப்புகிறது. ரிப்போர்ட்டில் வெண்பொருளில் சில புள்ளிகள் என்று ஒரு வரி இருந்தால் போதும், பக்கவாதத்தின் தொடக்கமோ, மறதி நோயோ என்று குடும்பமே கலங்கிவிடும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதே ஆட்களை ஒன்பது ஆண்டுகள் கழித்து மறுபடி ஸ்கேன் செய்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். தலைவலி உள்ள பெண்களில் 77 சதவீதம் பேருக்குப் புள்ளிகள் கூடியிருந்தன. தலைவலி இல்லாத பெண்களிலும் 60 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தன. புள்ளிகள் கூடியதால் நினைவாற்றலோ சிந்தனையோ மங்கவில்லை. வலிக்கு முன் கண்ணெதிரே பளிச்சிடும் வளைகோடுகள் தோன்றுகிறவர்களுக்குப் பக்கவாத அபாயம் சற்று அதிகம் என்பது உண்மைதான். அவர்கள் கவனிக்க வேண்டியவை புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ஆகியவை. புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பதால் பயன் ஒன்றும் இல்லை.

ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016-இல் டென்மார்க்கில் இரட்டையராய்ப் பிறந்த பெண்களிடம் நடந்த ஆய்வு, வளைகோடுகள் தோன்றும் வகை உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வெள்ளைப் புள்ளிகளில் வேறுபாடு காணவில்லை. ஒரு கூட்டத்தின் சராசரியில் தென்படும் மாற்றத்தை வைத்து ஒரு தனி ஆளின் நோயைச் சொல்ல முடியாது என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. மூளை மாறிவிட்டது, இனி என்ன செய்து என்ன என்று சோர்வதற்கும் இடமில்லை. அளவுக்கு மீறி வலி மாத்திரை விழுங்கியவர்களின் நடுமூளையில் ஒரு பகுதி பருத்திருந்ததையும், மாத்திரையை நிறுத்தித் தலைவலி குறைந்தவர்களிடம் அது மீண்டும் சுருங்கியதையும் 2013-இல் சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. மாதாமாதம் 15 நாள் சாதாரண பாராசிட்டமால் போட்டுவந்தாலே தலைவலி அடிக்கடி வருவதாக மாறிவிடக்கூடும். கலப்பு வலி மாத்திரைகளுக்கும், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரைகளுக்கும் 10 நாளே அந்த எல்லை.

ஆகவே, மூளை மாறுபட்டிருப்பது நோயாளியை நம்புவதற்குப் போதுமான காரணம், பயப்படுவதற்குக் காரணமாகாது. ஒற்றைத் தலைவலிக்காரரின் எளிதில் கிளர்ந்தெழும் மூளைக்கு ஒழுங்கான அன்றாடம் தேவை. இரவு ஷிஃப்ட்டும், காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஆவடியில் ரயில் பிடிக்கும் அவசரமும், மதிய வெயிலும் அந்த ஒழுங்கைக் குலைப்பவை. தலைக்குக் குளிப்பதால் தலைவலி வருகிறது என்று நம் பெண்கள் சொல்வதும் வெறும் நம்பிக்கை இல்லை. மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் 94 இந்திய நோயாளிகளிடம் அதைக் கவனித்து 2006-இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். திடீரென இடி விழுந்ததுபோல் வரும் வலி, கை கால் பலவீனம், வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி ஆகியவற்றுக்குத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்கேன் தேவைப்படுவது அங்கேதான். மற்றவர்கள் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் வலி வந்த நாளை வட்டமிட்டு, சாப்பிட்ட நேரத்தையும் தூங்கிய நேரத்தையும் போட்ட மாத்திரையையும் பக்கத்தில் குறித்து வரட்டும். மூன்று மாதத் தாளை மருத்துவர் முன் விரித்தால், பல ஆயிரம் ரூபாய் ஸ்கேன் சொல்லாததை அது சொல்லும்.