கொடுத்த இடத்தையும் கவனியுங்கள்

முடிநடுகை செய்துகொண்டு ஊருக்குத் திரும்பியவரைப் பார்க்க வருகிற எல்லோருடைய கண்ணும் முதலில் நெற்றிக்குத்தான் போகும். எவ்வளவு வைத்தார்கள், எப்போது முளைக்கும், பழைய முகம் திரும்புமா என்றெல்லாம் கேட்பார்கள். பின்மண்டை எப்படி இருக்கிறது என்று கேட்பவர் மிகக் குறைவு. முன்னுக்கு நட்ட ஒவ்வொரு முடியும் அங்கிருந்து வந்ததுதான். ஆறவேண்டிய காயம் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கலாம்.

வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் இருந்து இந்தச் சிகிச்சையை நாடுகிறவர்கள் கொழும்புக்கோ சென்னைக்கோ போகிறார்கள். வெளிநாட்டில் சொந்தக்காரர் உள்ளவர்கள் இஸ்தான்புல்லைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். சிகிச்சை பெரும்பாலும் ஒரு நாளில் முடிந்துவிடும். பிறகு வரும் வாரங்கள் வன்னி வெயிலிலும் வன்னிக் கிணற்றுத் தண்ணீரிலும் வீட்டுக்காரரின் கையிலும்தான் கழிகின்றன. செய்த டொக்டரோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறார். எனவே எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று போவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எடுத்தால் திரும்ப முளைக்காது

ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கை நெற்றியிலும் உச்சியிலும்தான் விழும். இரண்டு காதுகளுக்கும் இடையே பின்மண்டையில் உள்ள முடி பெரும்பாலும் கடைசிவரை நிற்கும். அந்த முடியை வேரோடு எடுத்து வழுக்கையில் நட்டாலும் தன் பழைய குணத்தோடேயே வளரும் என்பதை நியூயோர்க் தோல்நோய் வைத்தியர் நோர்மன் ஓரென்ரைக் 1959இல் எழுதி வெளியிட்டார். இன்றைய முடிநடுகை முழுவதும் இந்த உண்மையில்தான் நிற்கிறது. முடி எடுக்கப்படும் அந்த இடமே கொடைப் பகுதி.

எடுப்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில், பின்மண்டைத் தோலில் ஒடுங்கிய கீற்று ஒன்றை வெட்டியெடுத்துத் தையல் போடுவார்கள். நீளமான ஒரு தழும்பு மிஞ்சும். மற்றதில், ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அகலமுள்ள வட்டக் கத்தியால் ஒவ்வொரு வேராகத் தோண்டியெடுப்பார்கள். தையல் இல்லை, ஆனால் எடுத்த இடமெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் மிஞ்சும். தழும்பே வராது என்று விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டாம்.

எடுத்த குழியில் திரும்ப முடி வராது. சுற்றியுள்ள முடி மூடி மறைப்பதால்தான் வெளியே தெரிவதில்லை. ஒரே தடவையில் அளவுக்கு மிஞ்சி எடுத்துவிட்டால் பின்மண்டை திட்டுத் திட்டாக வெளிறித் தெரியும். இன்னும் பத்து வருடத்தில் வழுக்கை பெருகும்போது எடுத்து நடவும் எதுவும் இராது. விதைநெல்லைப் போல அளந்துதான் இதில் கை வைக்க வேண்டும். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுப் பொடியன்களை நல்ல வைத்தியர்கள் அவசரப்பட வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதற்குக் காரணம் இதுதான்.

முதல் பத்து நாள்

முதல் இரவு தலையணையில் சிவந்த நீர்க்கறை படியும். பதற வேண்டாம். மரத்துப்போகப் போட்ட ஊசி மருந்தும் காயத்து நீரும் சேர்ந்து கசிவதுதான் அது. தலையணை உறைக்கு மேல் சுத்தமான துவாயை விரித்து, தலையைச் சற்று உயர்த்திப் படுங்கள். துவாயைத் தினமும் மாற்றுங்கள். இரத்தம் வடிந்தால் சுத்தமான கோஸ் துணியை வைத்துப் பதினைந்து நிமிடம் கையெடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். இடையிடையே தூக்கிப் பார்த்தால் நிற்காது. அப்படியும் நிற்காவிட்டால் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

தலை கழுவுவதை எப்போது தொடங்குவது என்று செய்த டொக்டர் சொல்லுவார். பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாள். கிணற்றுத் தண்ணீரை அப்படியே வாளியால் அள்ளி ஊற்ற வேண்டாம். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைக் கோப்பையால் மெல்ல விடுங்கள். குழந்தைகளுக்குப் போடும் ஷம்பூவில் கொஞ்சத்தைக் கையில் நுரைத்து, விரல் நுனியால் ஒற்றிக் கழுவுங்கள். துவாயால் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். வேராக எடுத்த காயங்களின் பொருக்கு ஏழு முதல் பத்து நாளில் தானாக உதிரும். அதற்குள் கடி தாங்காது. நகம் பட்டால் அந்த வழியாகத்தான் கிருமி புகும். நித்திரையில் கை போகும் என்பதால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கீற்று முறையில் போட்ட தையல் பத்து முதல் பதினான்கு நாளில் எடுக்கப்படும்.

மஞ்சள், திருநீறு, பச்சிலைப் பத்து, நல்லெண்ணெய் எதையும் காயத்தில் பூச வேண்டாம். அம்மம்மா அன்போடு கொண்டுவந்தாலும் வேண்டாம். நோவுக்குப் பனடோல் போதும். அஸ்பிரின் இரத்தப்போக்கைக் கூட்டும். இருதய வருத்தத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் சிகிச்சைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். தாங்களாக நிறுத்தவும் கூடாது. சீனி வருத்தம் உள்ளவர்கள் இரத்தத்தில் சீனியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் இந்தப் பக்கம் போகவேண்டும். சிகரெட் தோலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. காயம் ஆறும்வரையாவது அதைத் தொடாதீர்கள்.

ஏ9 பாதையும் ஹெல்மெட்டும்

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏ9 பாதையால் வருகிறவரின் பின்மண்டை மணிக்கணக்காக சீற்றில் உரசிக்கொண்டே வரும். கழுத்தைச் சுற்றிப் போடும் வளைந்த தலையணை ஒன்றை வாங்கினால் தலை சீற்றில் முட்டாது. தலைக்கு மேலால் கழற்றும் ரீசேர்ட் இந்த நாட்களுக்கு உதவாது. பொத்தான் வைத்த சேர்ட்டே நல்லது.

அடுத்தது மோட்டார் சைக்கிள். ஹெல்மெட்டின் உட்பஞ்சு சரியாகக் கொடைப் பகுதியில்தான் இறுகும். வியர்வையும் புழுதியும் உள்ளே சேரும். ஹெல்மெட் போடாமல் ஓடுவது சட்டவிரோதம் மட்டுமா, உயிருக்கே ஆபத்து. ஆகவே டொக்டர் சரி என்னும்வரை, குறைந்தது பத்துப் பதினான்கு நாளுக்கு, பஸ்ஸிலோ ஓட்டோவிலோ போய்வாருங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலும் தூசியும் சேர்ந்தே வரும். புதுத்தோல் வெயில் பட்டால் கறுத்துப்போகும். ஒரு மாதத்துக்காவது தளர்வான தொப்பியோ குடையோ இல்லாமல் மத்தியானம் வெளிக்கிட வேண்டாம். வயலுக்குப் போகிறவர்கள் விதைப்பும் அருவிவெட்டும் இல்லாத இடைவெளியில் நாள் குறிப்பது நல்லது. கீற்று முறையில் செய்தவர் மூட்டை தூக்கினால் பிடரித் தோல் இழுபட்டுத் தழும்பு அகலும். நான்கு வாரம் பாரம் தூக்கக்கூடாது. முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்கிறவருக்கும் குளத்தில் முழுகிப் பழகியவருக்கும் அதே நான்கு வாரம் கடலும் குளமும் வேண்டாம். கோயில் நேர்த்திக்கு மொட்டை அடிக்க இருப்பவர் டொக்டரிடம் கேட்டே நாள் வைக்க வேண்டும்.

எதற்குப் பயப்படுவது

பின்மண்டை சில வாரம் மரத்துப்போயிருக்கும். உணர்வு மெல்லத் திரும்பும். சிலருக்கு எடுத்த இடத்தைச் சுற்றியுள்ள முடியும் சில வாரத்தில் கொட்டும். அதிர்ச்சியால் வரும் இந்த உதிர்வு பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் சரியாகிவிடும். ஒன்றிரண்டு பருக்களும் வரலாம்.

நாளுக்கு நாள் நோவு கூடுதல், சீழ், துர்நாற்றம், காய்ச்சல், பரவும் சிவப்பு, தோல் கறுத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வீட்டில் இருக்க வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் காயத்தை இலவசமாகக் காட்டலாம். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். வெட்கத்தால் மறைத்து வைத்தே பலர் காயத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். காசு கொடுத்துச் செய்த அழகுச் சிகிச்சை என்பதற்காகக் காயம் காயமில்லாமல் போய்விடாது.

சென்னை தந்த பாடம்

2016 மே மாதம் சென்னையில், மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் முடிநடுகைக்குப் போன இடத்தில் உடல்நிலை மோசமாகி, வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு இறந்தார். சிகிச்சை நடந்த நிலையம் சலூனுக்கான உரிமத்தில் இயங்கியது என்று அப்போது செய்திகள் வந்தன. 2022இல் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம், முறையான அறுவைப் பயிற்சி பெற்ற வைத்தியர்களே முடிநடுகை செய்யவேண்டும், யூரியூப் பார்த்தோ பட்டறைக்குப் போயோ கற்றது போதாது என்று வழிகாட்டல் வெளியிட்டது.

இலங்கையில் வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பார்க்கலாம். தனியார் மருத்துவ நிலையங்களும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதியப்பட வேண்டியவை. கத்தியைப் பிடிப்பது யார், எத்தனை வேர் எடுப்பார்கள், மிச்சம் எவ்வளவு இருக்கும், ஊருக்குப் போனபின் பிரச்சினை வந்தால் யாருடன் கதைப்பது? இந்த நான்கு கேள்விக்கும் நேரான பதில் தராத இடத்தில் முற்பணம் கட்ட வேண்டாம்.

தழும்புள்ள தலைகள்

இந்தச் சிகிச்சை தொடங்கியது வழுக்கைக்காக என்று பலரும் நினைக்கிறார்கள். ஜப்பானிய வைத்தியர் ஷோஜி ஒக்குடா 1939இல் எழுதியது, தழும்பு விழுந்து முடியிழந்த இடங்களில் முடி நடுவது பற்றித்தான். வன்னிக்கு இது வெறும் வரலாற்றுத் தகவலாக முடியாது. 2009 போரில் செல் துண்டும் நெருப்பும் பட்ட தலைகள் இங்கே உண்டு. அன்று குழந்தைகளாக இருந்து, இன்றும் அந்தத் தழும்பை மறைத்து முடி வாருகிற இளைஞரும் யுவதிகளும் உண்டு.

தழும்பில் இரத்தவோட்டம் குறைவு. அதனால் முதலில் கொஞ்சம் நட்டு, மாதக்கணக்கில் பொறுத்துப் பார்த்தே மீதியைச் செய்வதுண்டு. இரண்டாம் மூன்றாம் தடவைக்குக் கொடைப் பகுதி பழுதுபடாமல் இருக்க வேண்டும். தலையில் செல் துண்டு இருப்பதையும், தழும்பு தடித்து வளரும் உடல்வாகையும் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். பழைய வைத்தியசாலை அட்டை, எக்ஸ்ரே எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

இவர்களுக்காகப் பேச ஆள் வேண்டும். போர்க்காயத் தழும்புக்குச் செய்யும் சிகிச்சையை அழகுபடுத்தல் என்று ஒதுக்காமல், வடக்கின் அரச வைத்தியசாலைகள் புனர்வாழ்வின் ஒரு பகுதியாக எடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உதவுகிற உறவுகளும் சிகிச்சைக்கு மட்டும் காசு அனுப்பி நிறுத்தாமல், பிறகு வரும் ஒரு மாதத்து ஓய்வுக்கும் மருந்துக்கும் சேர்த்து அனுப்புங்கள். அந்த ஒரு மாதம் கவனமாக இருந்தால்தான் கொடுத்த இடம் ஆறும்.