பனிச்சாலையில் ஸ்டீயரிங் இழுக்கிறதா? கோடைக் கேளுங்கள்!

நான் வேலை பார்க்கும் அமெரிக்காவின் மிச்சிகனில், உறைந்த சாலையில் என் ஃபோர் வீல் டிரைவ் வண்டி திடீரென ஒரு பக்கமாக இழுத்தது. பிறகு எச்சரிக்கை விளக்கும் எரிந்தது.

மவுஸ் நகராவிட்டால் முதலில் வயரைத்தானே பார்ப்போம்? அதுபோல் டயர் காற்றைப் பார்த்தேன். 10 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர்ந்தால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். நான்கும் சரியாக இருந்தன.

அடுத்து ஓபிடி-2 சாக்கெட். 1996 மாடல் முதல் அங்கு இது கட்டாயம். ஸ்கேனரைச் செருகி லேப்டாப்பில் பார்த்தால் 'சி' கோடு! பிரேக், ஸ்டீயரிங் பகுதியை அது குறிக்கும். ஸ்டீயரிங் கோண சென்சார் நடுநிலை தவறியிருந்தது. நேராகப் போகும் வண்டியைத் திரும்புவதாக நினைத்து, கம்ப்யூட்டர் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டிருக்கிறது! சென்சாரை மெக்கானிக் மறுபடி செட் செய்ததும் சரியானது.

மலிவான ஸ்கேனர்கள் பல எஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும், கேட்டு வாங்குங்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பத்தான் உதவும். பனியில் நிறுத்துவது டயரின் பிடிமானமே.