கேட்டால்தான் சொல்வார்கள்

டூட்டி மாறும் நேரத்தில் மருந்து, டிரிப், யூரின் அளவு எல்லாம் எல்லா நர்சும் எழுதித்தான் வைப்பார்கள். ஒரு சிலர் மட்டும் பையை மாட்டிய பிறகும் நின்று ஒன்று சொல்வார்கள்: "பதினோராம் பெட் தாத்தாவுக்கு வலது காது கேட்காதுக்கா. இடது பக்கம் நின்னு பேசச் சொல்லுங்க."

தலைமைச் செவிலியராக இருந்த காலமெல்லாம் இவர்களை நம்பித்தான் என் வார்டு ஓடியது. "அந்த சிஸ்டர் முகம் கொடுத்தே பேச மாட்டேங்கிறாங்க" என்று நோயாளியின் வீட்டார் குறைபட்டுக்கொள்வதும் இவர்களைப் பற்றித்தான். பேச்சு குறைவு, ஆனால் யாருக்கு எந்தக் கையில் நரம்பு கிடைக்காது என்பதுவரை நினைவிருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் பரிவு.

எம்.பி.டி.ஐ. என்ற ஆளுமைக் கேள்வித்தாள் இந்தச் சுபாவத்தை 'ஐ.எஸ்.எஃப்.ஜே.' என்கிறது. தனிமையில் தெம்பு பெறுவது, கண்ணால் கண்ட விவரத்தை நம்புவது, முடிவெடுக்கும்போது அடுத்தவர் மனதைப் பார்ப்பது, எடுத்த வேலையை ஒழுங்காக முடிப்பது ஆகிய நான்கும் சேர்ந்தது. மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல் எழுதிய நூலின் அடிப்படையில், அமெரிக்காவைச் சேர்ந்த காதரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் மனிதர்களை 16 வகையாகப் பிரித்தார்கள். இருவரும் உளவியல் படித்தவர்கள் அல்லர். அதே ஆள் சில வாரம் கழித்து மறுபடி பதில் எழுதினால் வேறு வகை வருவதும் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் பலர் 'பிக் ஃபைவ்' முறையைத்தான் நம்புகிறார்கள். அதில் வகை பிரிப்பதில்லை. கடமையுணர்வு, இணக்கம் போன்ற ஐந்து குணங்கள் ஒருவரிடம் எவ்வளவு இருக்கின்றன என்று தனித்தனியாக அளப்பார்கள். அதனால் நான்கு எழுத்தை வைத்து ஒருவருக்கு வேலை கொடுப்பதோ மறுப்பதோ அநியாயம். ஆளைப் புரிந்துகொள்ள உதவினால் போதும்.

புரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. இப்படிப்பட்ட நர்சுகளைப் பத்துப் பேர் முன்னால் திட்டினால் எதிர்த்துப் பேச மாட்டார்கள். பல நாள் உள்ளுக்குள் புழுங்குவார்கள். திடீரென்று வார்டு மாற்றினால் தடுமாறுவார்கள், இத்தனை நாள் சேர்த்த சின்னச் சின்ன விவரமெல்லாம் புது வார்டில் உதவாதே! எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவர்களால் 'முடியாது' என்று சொல்ல முடியாதது. பொங்கலன்று நைட் டூட்டிக்கு ஆள் இல்லையென்றால் முதல் போன் அவர்களுக்குத்தான் போகும். "சரிக்கா" என்பார்கள். அதற்கு முன்னால் ஒரு நொடி தயங்குவதைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்காகவே ரோஸ்டர் போடுவதற்கு முன் எல்லோரிடமும் தனித்தனியாகச் சீட்டு கொடுத்து, கட்டாயம் வேண்டிய லீவு நாளை எழுதி வாங்குவேன். வாயால் கேட்டபோதெல்லாம் "எதுன்னாலும் பரவால்லக்கா" என்ற ஒரு பெண், மகனின் பள்ளி ஆண்டுவிழாத் தேதியை எழுதி, பக்கத்திலேயே 'முடிந்தால்' என்றும் எழுதியிருந்தாள். அந்த ராத்திரி வேறு ஆளைப் போட்டேன்.