துணைவலியும் சுயெசுக் கால்வாயும்

உயர்தர வகுப்பு மாணவனொருவன் அண்மையில் ஓர் அட்டவணையைக் கொணர்ந்து என் மேசைமீது வைத்தான். உலக நாடுகள் அதில் வலிமை வரிசையில் நிறுத்தப்பட்டிருந்தன. மக்கட்டொகை, நகர மக்கட்டொகை, இரும்பும் உருக்கும், எரிசத்தி நுகர்வு, படைஞர் தொகை, படைச்செலவு என்னும் ஆறனுள் ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டுக்குரிய உலகப் பங்கைக் கண்டு, சராசரி எடுத்துப் பெற்ற எண்கள் அவை. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிங்கர் 1963இல் தொடக்கிய ஆராய்ச்சியிற் பிறந்த முறை இது.

"ஐயா, வள்ளுவரும் அரசுக்கு ஆறு உறுப்புத்தானே சொன்னார்?" என்றான்.

வினா நன்று. ஆயினும் வள்ளுவர் கூறிய ஆறனுள் அமைச்சும் நட்பும் உள. அட்டவணையில் அவை இல. 1975இல் றே கிளைன் என்னும் அமெரிக்கர், எண்ணத்தக்கவற்றின் தொகையைச் சூழ்ச்சித்திறம், மனத்திட்பம் என்னும் இரண்டன் தொகையாற் பெருக்க வேண்டும் என்றார். குறையை உணர்ந்தார் என்பது உண்மை. ஆனால், மனத்திட்பத்துக்கு அவர் இட்ட எண் அவருடைய மதிப்பேயன்றி அளவையன்று.

வலிமையை அளத்தற்கென்றே வள்ளுவர் 'வலியறிதல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். எடுத்த செயலின் வலி, தன் வலி, பகைவன் வலி, துணையாவார் வலி என்னும் நான்கையும் நிறுத்துப் பார்க்கச் சொன்னார். துணை என்றவிடத்துப் பரிமேலழகர் இருவர்க்கும் துணையாவாரைக் கொண்டார். இச்சிறு விளக்கத்தைப் பல்லாண்டு யானும் வகுப்பில் விரைந்து கடந்து சென்றவனே. அதன் ஆழத்தை எனக்கு உணர்த்தியது 1956ஆம் ஆண்டின் சுயெசு வரலாறு.

அவ்வாண்டு யூலை 26ஆந் திகதி எகிப்தின் அதிபர் நாசர் சுயெசுக் கால்வாய்க் கம்பனியை நாட்டுடைமையாக்கினார். பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரவேலோடு மறைவிற் கலந்து போர் தொடுத்தன. தன் வலியையும் மாற்றான் வலியையும் பிரித்தானியா சரியாகவே நிறுத்திருந்தது. 1952இலேயே அணுகுண்டு வெடித்துப் பார்த்த நாடு அது. பாதுகாப்புச் சபையில் நிரந்தர ஆசனமும் உண்டு. ஒக்டோபர் 30ஆந் திகதி தன் இரத்து அதிகாரத்தை முதன்முறையாக அங்கே பயன்படுத்திற்று. நவம்பர் 5ஆந் திகதி வான்படைஞர் போட் செயிட்டில் இறங்கினர். களத்தில் அவர்களை நிறுத்த வல்லார் இலர்.

நிறுத்தியது களத்துக்கு வெளியே இருந்தது. எகிப்தியர் கப்பல்களை அமிழ்த்திக் கால்வாயை அடைத்தனர். சிரியாவில் எண்ணெய்க் குழாய்களும் தகர்க்கப்பட்டன. இனி எண்ணெயை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து டொலர் கொடுத்தே வாங்க வேண்டும். பவுணின் பெறுமதி 2.80 டொலர் என நிலைநிறுத்தப்பட்டிருந்தது; நம்பிக்கை இழந்தோர் பவுணை விற்க விற்க, அவ்விலையைக் காக்கக் கையிருப்பு டொலர் கரைந்தது. சர்வதேச நாணய நிதியத்திற் கடன் பெறலாம் எனின், அதற்கு ஐக்கிய அமெரிக்காவின் இசைவு வேண்டும். ஐசனோவர் அரசாங்கம் இசையவில்லை. படையெடுப்பை முன்னின்று வற்புறுத்திய நிதி மந்திரி மக்மிலனே, நவம்பர் 6ஆந் திகதி போரை நிறுத்துமாறு மந்திரிசபையில் வாதிட்டார். அன்று நள்ளிரவில் போர் நின்றது. படை விலகும் என்பது உறுதியான பின்னரே, டிசம்பரில், 56 கோடி டொலர் கிடைத்தது.

மொஸ்கோ விடுத்த ஏவுகணை அச்சுறுத்தலே காரணம் என்பாரும் உளர். யான் பணப்பையையே காரணமாகக் கொள்வேன். அதே வாரத்தில் சோவியத் தாங்கிகள் புடாபெஸ்து நகருட் புகுந்தன. ஐக்கிய நாடுகள் சபை கண்டித்தும் அவை திரும்பவில்லை. ஏனெனில், மொஸ்கோவின் கணக்குப் புத்தகம் வாஷிங்டனின் கையில் இருக்கவில்லை.

வலியறிதல் அதிகாரத்தின் இறுதி நான்கு குறள்களும் கொடையையும் வரவு செலவையும் பேசுகின்றன. வலிமை கூறும் இடத்தில் வீட்டுக்கணக்கு எதற்கு என மாணவர் ஆண்டுதோறும் வினவுவர். பிரதம மந்திரி ஈடனின் கதையை விடையாகச் சொல்லலாம்.

துணைவலி பணத்தோடு அமையவில்லை. இரத்து அதிகாரத்தால் பாதுகாப்புச் சபை முடங்கவே, விடயம் பொதுச்சபைக்குச் சென்றது. நவம்பர் 2ஆந் திகதி போர்நிறுத்தம் கோரி அமெரிக்கா கொணர்ந்த பிரேரணையை 64 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவை ஐந்தே. ஆதரித்தோருள் இலங்கையும் ஒன்று. அப்போது திருக்கோணமலையில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்தது என்பதை இங்கு நினைத்தல் வேண்டும். உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய அதனைப் பிரித்தானியாவின் வலிமைக் கணக்கில் எவரும் சேர்த்திருப்பர். ஆனால், சுதந்திரத்தின்பின் அது அங்கு நின்றது 1947ஆம் ஆண்டின் பாதுகாப்பு உடன்படிக்கையால். அதாவது, மற்றொரு நாட்டின் இசைவால். பிரதம மந்திரி பண்டாரநாயக்கா அந்த இசைவை மீளப் பெறும் பேச்சைச் சுயெசுப் போருக்கு முன்னரே தொடங்கிவிட்டார். 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை.