அறை வாடகைக்கு வழியில்லை; ரயில் நிலையமே சத்திரம்

புது தில்லி: மைசூரு ரயில் நிலையத்தில் நள்ளிரவில் வந்திறங்கும் பயணிகள் பலர் உடனே வெளியே செல்வதில்லை. அவர்கள் செல்ல வேண்டிய விஜயநகர் போன்ற பகுதிகள் சில கிலோ மீட்டர் தொலைவில்தான் உள்ளன. ஆனால், அந்நேரத்தில் நகரப் பேருந்து கிடைப்பது அரிது. ஆட்டோவுக்குக் கூடுதல் கட்டணம் தர வேண்டும். நான்கு மணி நேரத் தூக்கத்துக்கு விடுதி அறை எடுப்பது கட்டுப்படியாகாது. எனவே, துண்டை விரித்து, பையைத் தலைக்கு வைத்து, விடியும் வரை அங்கேயே படுத்துக் கொள்கின்றனர்.

நாடு முழுவதும் காணப்படும் காட்சி இது. வேலை தேடுவோர், சிகிச்சைக்கு வருவோர், தேர்வு எழுதச் செல்லும் இளைஞர்கள் ஆகியோரே இவர்களில் பெரும்பாலோர்.

விதி என்ன?: செல்லத்தக்க பயணச்சீட்டு உள்ளவர் காத்திருப்புக் கூடத்தைப் பயன்படுத்தலாம். நடைமேடைச் சீட்டு இரண்டு மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். உரிய அனுமதியின்றி ரயில்வே வளாகத்தில் இருப்பது, 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி குற்றம். பயணம் முடிந்து காலைப் பேருந்துக்காகக் காத்திருப்பவரின் நிலைதான் சிக்கலானது. அவரை எழுப்புவதும் விட்டுவிடுவதும் பெரும்பாலும் பணியில் இருப்பவரின் மனநிலையைப் பொறுத்தது.

ரயில் நிலைய ஓய்வறைகளில் குறைந்த கட்டணத்தில் தங்க முடியும். ஆனால், ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்தில் அவற்றைப் பதிவு செய்ய, உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண் தேவை. முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே வருபவரிடம் அந்த எண் இருப்பதில்லை. யாருக்கு இந்த வசதி அதிகம் தேவையோ, அவருக்கே அது எட்டவில்லை.

மும்பை சென்ட்ரலில் 2021 நவம்பரில் 48 படுக்கைகளுடன் திறக்கப்பட்ட சிற்றறை விடுதியில் 12 மணி நேரத்துக்குத் தொடக்கக் கட்டணம் 999 ரூபாய். நடைமேடையில் படுப்பவருக்கு அது பல நாள் உணவுச் செலவு.

தேர்வர்களின் அவதி: தமிழகத்தைச் சேர்ந்த ரயில் உதவி ஓட்டுநர் தேர்வர்கள் பலருக்கு 2025 மார்ச்சில் தெலங்கானாவில் மையங்கள் ஒதுக்கப்பட்டன. மையத்தை மாற்றக் கோரி தமிழக எம்.பி.க்கள் குரல் கொடுத்தும் பலனில்லை. மார்ச் 19-ம் தேதி தேர்வு கடைசி நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டது. இரவு தங்கச் செலவிட்டவர்களுக்கு, மீண்டும் ஒரு முறை அதே செலவு காத்திருந்தது.

சலுகையும் கெடுபிடியும்: நிர்மலா சீதாராமன் தலைமையில் 2024 ஜூன் 22-ம் தேதி நடைபெற்ற 53-வது ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டம், நடைமேடைச் சீட்டு, ஓய்வறை, காத்திருப்பு அறை, பொருள் பாதுகாப்பு அறை ஆகியவற்றுக்கு வரி விலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. இது வரவேற்கத்தக்கது.

எனினும், 2025 பிப்ரவரி 15-ம் தேதி புது தில்லி ரயில் நிலைய நெரிசலில் 18 பேர் உயிரிழந்த பிறகு நிலைமை மாறியது. நெரிசல் மிகுந்த 60 நிலையங்களுக்கு வெளியே நிரந்தரக் காத்திருப்பு வளாகங்கள் அமைக்கவும், அந்நிலையங்களின் நடைமேடைகளுக்கு உறுதியான பயணச்சீட்டு உள்ளோரை மட்டும் அனுமதிக்கவும் முடிவெடுக்கப்பட்டது. உயிர்ப் பாதுகாப்புக்கு இக்கட்டுப்பாடு அவசியம் என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், வெளியேற்றப்படும் ஏழைப் பயணி, குறிப்பாகத் தனியே வரும் பெண், அந்த இரவை எங்கே கழிப்பது என்பதற்கும் விடை வேண்டும்.

தமிழகத்துக்கு இது புதிய கேள்வி அல்ல. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருப்பதே, வழிப்போக்கருக்கு இடம் தருவது ஆள்வோரின் கடமை என்று ஒரு காலத்தில் கருதப்பட்டதற்குச் சான்று.

அம்ரித் பாரத் திட்டத்தில் 1,300-க்கும் அதிகமான ரயில் நிலையங்கள் மேம்பாட்டுக்குத் தேர்வு செய்யப்பட்டுள்ளன. நகரும் படிக்கட்டுக்கும் வணிக வளாகத்துக்கும் இடம் ஒதுக்கும்போது, முன்பதிவில்லாப் பயணிக்கும் குறைந்த கட்டணத்தில் ஒரு படுக்கைக் கூடம், பெண்களுக்குக் காவலுடன் தனி இடம் என்பதையும் வரைபடத்தில் சேர்க்கலாம். அதற்குப் பெரும் நிதி தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.