ஒரு சர்வர், பல கம்ப்யூட்டர்கள்

ஆம்பூரில் ஓரளவு பெரிய ஷூ கம்பெனி எதற்குள் போனாலும் கணக்குப் பிரிவை ஒட்டி ஏசி ஓடும் சின்ன அறை ஒன்று இருக்கும். டேலிக்கு ஒரு கம்ப்யூட்டர், வருகைப் பதிவுக்கு ஒன்று, ஆர்டர் கணக்குக்கு ஒன்று என்று வேலைக்கொரு பெட்டி. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய் விற்றுமுதலைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமாகிவிட்டது. அந்த அறை படுத்துவிட்டால் பில் போட முடியாது, சரக்கு வாசலிலேயே நிற்கும். “இத்தனை பெட்டி எதற்கு, எல்லாவற்றையும் ஒரே சர்வரில் போட முடியாதா?” என்று முதலாளிகள் கேட்பது நியாயம்தான். முடியும். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு நல்ல சர்வரின் மேல் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளை ஏற்றினால், அந்த ஒரே இயந்திரம் பல கம்ப்யூட்டர்களாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனி விண்டோஸ் அல்லது லினக்ஸ், தனி நினைவகம், தனி டிஸ்க். இதற்குப் பெயர் விர்ச்சுவல் மெஷின். ஐபிஎம் தன் பெரிய இயந்திரங்களில் 1960களிலேயே செய்து பார்த்த வேலை இது. 2007-ல் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸோடு சேர்ந்தபின் காசில்லாமலே கிடைக்கிறது.

ஒரே சர்வரைப் பங்கிட இன்னொரு வழி கன்டெய்னர். அதற்குத் தனி இயங்குதளம் கிடையாது. ஒரே லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை எல்லாக் கன்டெய்னர்களும் பகிர்ந்துகொள்கின்றன. 2013-ல் டாக்கர் என்ற மென்பொருள் வந்த பிறகுதான் இது பரவலானது.

நம் ஊர்க்காரருக்கு இந்த வித்தியாசம் ஏற்கெனவே தெரியும். 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் தீர்ப்புச் சொன்ன காலத்தில், வசதியுள்ள டேனரிகள் சொந்தமாகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டின; சின்ன டேனரிகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தன. சொந்த நிலையம் வைத்த டேனரி விர்ச்சுவல் மெஷின், பொது நிலையத்தில் சேர்ந்தது கன்டெய்னர். பொது நிலையத்தில் செலவு குறைவு, ஆனால் ஒருவர் குரோமியத்தைப் பிரிக்காமல் திறந்துவிட்டால் எல்லாருக்கும் பாதிப்பு. கர்னல் விழுந்தால் அதன் மேல் ஓடும் கன்டெய்னர் அத்தனையும் விழும்.

அப்படியானால் எதை எங்கே வைப்பது? டேலி விண்டோஸில் ஓடுவது, லினக்ஸ் கர்னலைப் பகிரும் கன்டெய்னருக்குள் அதை வைக்க வழியில்லை. அதற்குத் தனி விர்ச்சுவல் மெஷின் கொடுங்கள். ஆர்டர் கணக்கு, வருகைப் பதிவு போன்றவை லினக்ஸில் ஓடக்கூடியவையாக இருந்தால், இன்னொரு விர்ச்சுவல் மெஷினில் லினக்ஸ் போட்டு அதற்குள் கன்டெய்னர்களாக ஓட்டுங்கள். ஒரு தொழிற்சாலைக்கு இந்தக் கலவைதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. ஒரே ஒரு சர்வர் வைத்திருப்பவருக்குக் குபர்நெடிஸ் என்ற மென்பொருள் தேவையே இல்லை; அது பல இயந்திரங்களில் நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களை மேய்ப்பவர்களுக்கானது.

நினைவகத்தைப் பங்கிடும்போது கை தாராளமாக வேண்டாம். 64 ஜிபி உள்ள சர்வர் என்றால் விண்டோஸுக்கு 24, லினக்ஸுக்கு 16 கொடுத்து, மிச்சத்தை ஹைப்பர்வைசருக்கும் அவசரத்துக்கும் விடுங்கள். பிராசஸரை அளவுக்கு மேல் பங்கு போட்டால் வேலை மெதுவாகும், அவ்வளவுதான். நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று இடம் பிடிக்கும். பெரும்பாலும் அதிக இடத்தைப் பிடித்திருக்கும் டேட்டாபேஸ்தான் மாட்டும். அதனால் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் நினைவக உச்சவரம்பு போடச் சொல்லுங்கள்.

பலர் அடிபடும் இடம் இன்னொன்று. மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பழைய கன்டெய்னரை அழித்துவிட்டுப் புதியதை எழுப்புவார்கள். டேட்டாபேஸ் தன் ஃபைல்களைக் கன்டெய்னருக்குள்ளேயே எழுதியிருந்தால் அவையும் அதோடு போய்விடும். வால்யூம் என்று வெளியே ஓர் இடம் ஒதுக்கி அங்கே எழுதவைக்க வேண்டும். “டேட்டா எந்த வால்யூமில் இருக்கிறது?” என்று உங்கள் சிஸ்டம் ஆளைக் கேளுங்கள். தடுமாறினால் அன்றைக்கே சரிசெய்யுங்கள்.

லைசென்ஸையும் பாருங்கள். ஹைப்பர்வைசர் விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. ஒருமுறை காசு கட்டினால் காலத்துக்கும் செல்லும் லைசென்ஸ் விற்பனையை அடுத்த மாதமே நிறுத்தியது. இனி சந்தாதான். புதிதாக ஆரம்பிப்பவர்கள் கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்ட பிராக்ஸ்மாக்ஸைப் பார்க்கலாம். அதில் விர்ச்சுவல் மெஷினையும் எல்எக்ஸ்சி வகைக் கன்டெய்னரையும் ஒரே திரையில் நிர்வகிக்கலாம்.

விர்ச்சுவல் மெஷினின் அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்நாப்ஷாட் எடுத்துவிட்டோம், பேக்கப் ஆயிற்று என்று இருந்துவிடாதீர்கள். ஸ்நாப்ஷாட் வழக்கமாக அதே சர்வரின் டிஸ்கில்தான் இருக்கும். டிஸ்க் போனால் மூலமும் ஸ்நாப்ஷாட்டும் இரண்டும் போகும். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில் ஏசி நின்றால் சர்வருக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அதனால் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள்: வேறு கட்டடத்தில் வைத்திருக்கும் பேக்கப்பை எடுத்து, ஒரு காலி விர்ச்சுவல் மெஷினில் ஏற்றி, போன மாத இன்வாய்ஸ் ஒன்றை உங்கள் கண்ணெதிரே திறந்து காட்டச் சொல்லுங்கள்.