காக்கும் புரதம் கரை மீறினால்...

குற்றாலப் பேரருவியில் நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை விதிப்பார்கள். நீர் அதேதான், அளவுதான் மிஞ்சிவிட்டது! நம் உடலிலும் இப்படி நேர்வதுண்டு.

2012-இல் தென்காசிக்கு வடக்கேயுள்ள கடையநல்லூரில் டெங்கு பரவியது. டெங்கு வைரஸ் உடலில் நுழைந்ததும் வெள்ளணுக்கள் 'டி.என்.எஃப்.' என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. செல்லுக்குச் செல் செய்தி சொல்லும் 'சைட்டோகைன்' வகையைச் சேர்ந்தது இது. அளவோடு சுரந்தால் பிற வெள்ளணுக்களைத் துணைக்கு அழைக்கும். மிஞ்சினாலோ, வேறு சைட்டோகைன்களுடன் சேர்ந்து இரத்த நுண்குழாய்களின் சுவரைத் தளர்த்தும்; இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியும்; இரத்த அழுத்தம் குறையும்.

இக்கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில்தான் தொடங்குகிறது. எனவே மாணவர்களே, காய்ச்சல் விட்டபின் கடும் வயிற்றுவலியோ ஓயாத வாந்தியோ கண்டால் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.